மத்தியஸ்தரும் உதாசீனரும்: ஊர்ப் பிணக்குகளில் நடுவுநிலைமை

ஆலய மலரிலே உள்ளூராட்சி பற்றி எழுத என்ன இருக்கின்றது எனச் சில அன்பர்கள் கேட்கக்கூடும். ஆலயத்துக்கு வரும் ஒழுங்கை பிரதேச சபைக்கு உரியது. திருவிழாக் காலத்தில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் சபையினுடையது. வீதியோரக் கடைகளுக்கு அனுமதி வழங்குவதும், அன்னதானம் முடிந்த பின்னர் குப்பை அள்ளுவதும் சபையே. ஒரு கிராமத்தவன் பாராளுமன்றத்தைத் தன் வாழ்நாளில் நேரிற் காணாமலே இருந்துவிடலாம். பிரதேச சபையையோ நாள்தோறும் காண்கின்றான். ஆகவே அரசாட்சியோடு எமக்கு உண்டாகும் பிணக்குகள் பலவும் பிரதேச சபையோடு உண்டாகும் பிணக்குகளேயாகும்.

வீதியை அகலிப்பதற்காக வேலியைப் பின்தள்ளச் சொல்லுதல், வெள்ளம் வடியும் வாய்க்காலை மதில் மறித்தல், குப்பை கொட்டும் இடம், சந்தைக் கடைக் குத்தகை, எமது முதியவர்கள் சோலை வரி என்று சொல்லும் ஆதன வரி, மயானம் என இவற்றின் பட்டியல் நீண்டது. இத்தகைய பிணக்குகளில் மூன்றாமவர் ஒருவர் நடுவில் நின்று இணக்கம் காண்பது நன்றா? அவ்வாறு நிற்பவர் எத்தகையவராக இருத்தல் வேண்டும்? நடுவில் நிற்பது எல்லா வேளைகளிலும் அறமாகுமா? இம்மூன்று வினாக்களையும் சைவ அடியார்களாகிய நாம் சிந்திப்பது பயனுடையது என எண்ணி இதனை எழுதுகின்றேன்.

இரு சொற்கள்

பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் ஒன்பதாவது சுலோகம் நண்பன், பகைவன், உறவினன் முதலிய பலரையும் சமபுத்தியோடு நோக்குவோனைப் பற்றிக் கூறுகின்றது. அந்த வரிசையிலே உதாசீனன், மத்தியஸ்தன் என இருவர் தனித்தனியாக எண்ணப்பட்டுள்ளனர். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். இருவரும் எப்பக்கமும் சாராதவர்கள். அப்படியாயின் ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் எதற்கு?

ஆதிசங்கரர் தமது உரையில் இதற்கு விளக்கம் தருகின்றார். உதாசீனன் என்பவன் ஒருவருடைய பக்கமும் சேராதவன். மத்தியஸ்தன் என்பவன் தம்முள் மாறுபட்டு நிற்கும் இருவருக்கும் நன்மையை நாடுபவன். இந்த வேறுபாடு மிக நுட்பமானது. ஒருவன் இருவரையும் விட்டு விலகி நிற்கின்றான். மற்றவன் இருவரையும் அணைத்து நிற்கின்றான். உதாசீனம் என்ற சொல் இன்று எமது பேச்சிலே அலட்சியம் என்ற பொருளைப் பெற்றுவிட்டமையும் கவனிக்கத்தக்கது.

ஊர்ப் பிணக்கு ஒன்று எழும்போது, "எனக்கு இதில் ஒரு தொடர்பும் இல்லை, ஆகவே நான் நடுநிலையானவன்" என்று பலர் சொல்வதைக் கேட்கின்றோம். தொடர்பு இல்லாமை உதாசீனத்துக்குப் போதுமானது. மத்தியஸ்தத்துக்கு அது போதாது. இரு தரப்பாரும் இந்தப் பிணக்கிலிருந்து கெட்டுப்போகாமல் வெளியே வரவேண்டும் என்ற கரிசனை உள்ளவனே மத்தியஸ்தன்.

திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அது திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரம். அதனை அவர் வைத்த இடத்தை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அரசன் நீதி வழுவாமல் ஆள்வதைக் கூறும் செங்கோன்மை பொருட்பாலில் அரசியலிலே இடம்பெறுகின்றது. நடுவுநிலைமையோ அறத்துப்பாலில் இல்லறவியலிலே இடம்பெறுகின்றது. விருந்தோம்பலும் இனியவை கூறலும் அடக்கமுடைமையும் எங்கே சொல்லப்பட்டனவோ அங்கேதான் நடுவுநிலைமையும் சொல்லப்பட்டது. நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்தவருக்கு மாத்திரம் உரிய குணமாக இது கருதப்படவில்லை. மனைவி மக்களோடும் சுற்றத்தாரோடும் வாழ்கின்ற சாதாரண குடும்பத்தவனிடமும் இது எதிர்பார்க்கப்படுகின்றது.

எமது கிராமங்களுக்கு இது மிகவும் பொருந்தும். இங்கே யாரும் யாருக்கும் முற்றிலும் அந்நியர் அல்லர். பெண் கொடுத்தல், பெண் எடுத்தல், ஒரே பள்ளிக்கூடத்திற் படித்தல், ஒரே கோயிலில் உபயம் செய்தல் என ஏதோ ஒரு கயிறு எல்லோரையும் பிணைத்திருக்கின்றது. உறவு இல்லாதவரைத்தான் மத்தியஸ்தராக வைக்கவேண்டும் என்றால் ஊருக்குள் ஒருவரும் அகப்படார். உறவு இருந்தும் சாயாமல் நிற்கப் பழகியவரையே நாம் தேட வேண்டியிருக்கின்றது.

திருவெண்ணெய்நல்லூர்ச் சபை

சைவ அடியார்களுக்குப் பெரியபுராணத்தில் வரும் தடுத்தாட்கொண்ட வரலாறு தெரியும். திருமணப் பந்தலில் இருந்த சுந்தரரை முதிய வேதியர் ஒருவர் வந்து தமக்கு அடிமை என்றார். அவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் வாங்கிக் கிழித்தார். கிழிக்கப்பட்டது படி ஓலை என்றும், மூல ஓலை தம்மிடம் உண்டு என்றும் முதியவர் கூறவே, வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் சென்றது.

இறைவன் அடியாரை ஆட்கொண்ட அருட்செயலாகவே இதனை நாம் படிக்கின்றோம். அதே வேளை அந்தச் சபை நடந்துகொண்ட முறையிலும் எமக்குப் பாடம் உண்டு. சுந்தரர் நரசிங்கமுனையரையர் என்னும் அரசரிடம் மகனாக வளர்ந்தவர். மணக்கோலத்தில் வந்து நிற்கின்றார். எதிரே நிற்பவர் ஊன்றுகோலோடு வந்த ஒரு கிழவர். அந்தணர் அடிமையாதல் வழக்கம் அன்று என்ற எண்ணமும் சபையோருக்கு இருந்தது. ஆயினும் அவர்கள் முதியவரை எள்ளி அனுப்பிவிடவில்லை. வழக்கம், எழுத்து, சாட்சி என்ற மூன்றில் ஒன்றினால் நிறுவுமாறு கேட்டார்கள். மூல ஓலையைக் கண்டதும் அதனை அப்படியே நம்பிவிடவும் இல்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிடத்திலிருந்து வருவித்து, எழுத்தை எழுத்தோடு ஒப்பு நோக்கினார்கள். ஒத்திருந்தமையால், தமக்கே வியப்பாக இருந்த முடிவை அறிவித்தார்கள்.

அந்தச் சபை செய்தது தீர்ப்பு; மத்தியஸ்தம் அன்று. எனினும் நடுவில் இருப்பவர் எவருக்கும் வேண்டிய மூன்று பண்புகள் அங்கே காணப்படுகின்றன. ஆளின் தோற்றத்தையும் பின்னணியையும் பார்த்து முடிவு செய்யாமை ஒன்று. தமது முன்னெண்ணத்தைச் சான்றுக்கு இடங்கொடுத்து ஒதுக்கி வைத்தல் இரண்டாவது. ஆவணத்தை இரு தரப்பாரும் காண நடுவிலே வைத்தல் மூன்றாவது. இம்மூன்றாவது பண்பின் அருமையைப் பின்னர் கூறுவேன்.

எமது நாட்டின் மத்தியஸ்த சபைகள்

இலங்கையில் 1958 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இணக்க சபைகள் உருவாக்கப்பட்டன. 1970களின் பிற்பகுதியில் அவை நீக்கப்பட்டன. பின்னர் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தினால் இன்றைய மத்தியஸ்த சபைகள் தோன்றின. சட்டத்தின் பெயர் மாறினாலும் எமது பகுதி மக்கள் இன்றும் "இணக்கசபைக்குப் போனோம்" என்றே சொல்கின்றார்கள். அந்தப் பழைய பெயரில் ஒரு நன்மை உண்டு. அங்கே செல்வது வெல்வதற்காக அன்று, இணங்குவதற்காக என்பதை அது நினைவூட்டுகின்றது.

இச்சபைகளின் நடைமுறை எளிமையானது. ஒவ்வொரு பிரதேசத்துக்கும் மத்தியஸ்தர் குழாம் ஒன்று உண்டு. பிணக்கு ஒன்று வந்தால் ஒவ்வொரு தரப்பாரும் அக்குழாத்திலிருந்து ஒருவரைத் தெரிவு செய்வர். அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவு செய்ய, அவர் தலைமை வகிப்பார். தரப்பாருக்காகச் சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. மத்தியஸ்தர்கள் சம்பளம் பெறுவோர் அல்லர். பயிற்சி பெற்ற தொண்டர்கள். அவர்கள் தீர்ப்பு வழங்குவதில்லை. இணக்கம் ஏற்பட்டால் அது எழுத்தில் வரையப்பட்டு இரு தரப்பாராலும் ஒப்பமிடப்படும். ஏற்படாவிட்டால் இணங்காமைச் சான்றிதழ் வழங்கப்படும். அதன்பின் நீதிமன்றம் செல்லலாம். மத்தியஸ்தத்தின்போது ஒருவர் சொன்ன சொல்லைப் பின்னர் வழக்கிலே அவருக்கு எதிராகச் சான்றாகக் கொள்ள முடியாது.

கட்டாயமாக முதலில் இங்கே வரவேண்டிய பிணக்குகளின் பெறுமதி எல்லை தொடக்கத்தில் 25,000 ரூபாவாக இருந்தது. 2011 இல் 250,000 ரூபாவாகவும் 2016 இல் 500,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. 2003 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் விசேட வகைப் பிணக்குகளுக்கும் வழி செய்தது. போரினால் இடம்பெயர்ந்து மீண்டோரின் காணிப் பிணக்குகள் மலிந்த வடக்கிலும் கிழக்கிலும் காணிக்கான விசேட மத்தியஸ்த சபைகள் இயங்கியதை நாம் அறிவோம்.

இந்த ஏற்பாட்டிலே நான் பெரிதும் மதிப்பது மூவரைத் தெரியும் முறையையே. முற்றிலும் தொடர்பற்ற ஒருவரை வானத்திலிருந்து இறக்க அது முயலவில்லை. ஒவ்வொரு தரப்பாருக்கும் தமக்கு நம்பிக்கையான ஒருவரைத் தெரிய இடமளிக்கின்றது. அவ்விருவரும் முதலில் தங்களுக்குள் இணங்கி மூன்றாமவரைத் தெரிய வேண்டும். ஆகவே பிணக்குடையோர் இணங்குவதற்கு முன்பே நடுவில் இருப்போர் இணங்கிக் காட்டுகின்றார்கள்.

பிரதேச சபை ஒரு தரப்பாகும்போது

மேற்சொன்ன மத்தியஸ்த சபைகள் பெரும்பாலும் அயலவர், உறவினர், கடன் கொடுத்தோர், கடன் பெற்றோர் என்போரின் பிணக்குகளுக்காக அமைந்தவை. அரசு ஒரு தரப்பாக நிற்கும் விடயங்கள் அவற்றின் எல்லைக்கு வெளியே உள்ளன. எனவே பிரதேச சபையும் ஊரவரும் முரண்படும்போது, இரு தரப்பாரும் தாமாக விரும்பி ஏற்கும் ஒருவரையே நாட வேண்டிய நிலை பெரும்பாலும் ஏற்படுகின்றது. முன்பெல்லாம் வட்டார உறுப்பினரே இந்தப் பணியைச் செய்வார். உறுப்பினருக்குக் கட்சி உண்டு, அடுத்த தேர்தல் உண்டு. மேலும் 2023 மார்ச் மாதத்தில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடைபெறும் வரை தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் எவருமே இருக்கவில்லை. செயலாளர்களே சபைகளை நிர்வகித்தார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில், முறைப்பாட்டைக் கையிலே வைத்துக்கொண்டு யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றவர்கள் பலர்.

அயலவர் இருவரின் பிணக்கிலிருந்து சபையோடுள்ள பிணக்கு இரண்டு வகையில் வேறுபடும். முதலாவது, சபையின் சார்பில் வந்திருப்பவர் தாம் நினைத்தபடி விட்டுக்கொடுக்க முடியாது. வேலிக்காரர் ஒருவர் "சரி, இரண்டு அடி விடுகிறேன்" என்று அந்த இடத்திலேயே சொல்லலாம். உத்தியோகத்தர் அவ்வாறு சொல்ல இயலாது. செலவுக்கு வரவு செலவுத் திட்டத்தில் இடம் இருக்க வேண்டும். சபையின் தீர்மானம் வேண்டும். நாளை கணக்காய்வு ஐயவினா வந்தால் பதில் எழுத வேண்டும். அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராகப் பல்லாண்டு இருந்தவன் என்ற வகையில் சொல்வேன்: பொதுமக்கள் பிடிவாதம் என்று நினைப்பது பல வேளைகளில் அச்சமாகும். எழுத்தில் இல்லாத எதையும் செய்ய உத்தியோகத்தர் அஞ்சுவார். இந்த அச்சத்தைப் புரிந்துகொள்ளாத மத்தியஸ்தர் அவரை மனிதாபிமானம் இல்லாதவர் என்று முடிவுகட்டி, தாமே அறியாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்.

இரண்டாவது, இரு தரப்பாரும் சம வலிமை உடையவர் அல்லர். சபையிடம் கோவை இருக்கின்றது. நில அளவைப் படம் இருக்கின்றது. சட்டம் அறிந்த ஆளணி இருக்கின்றது. எதிரில் இருப்பவரிடம் பெரும்பாலும் நினைவு மாத்திரமே இருக்கின்றது. "எங்கள் அப்பு காலத்தில் இந்த வாய்க்கால் இப்படித்தான் ஓடியது" என்று ஒரு மூதாட்டி சொல்ல, மறுபக்கத்தில் ஒருவர் கோவையைத் திறந்து பக்க இலக்கத்தோடு பேசினால், நடுவில் இருப்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பேச்சு சமமாக நடைபெறாது. இங்கேதான் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையின் மூன்றாவது பண்பு நினைவுக்கு வருகின்றது. மத்தியஸ்தர் முதலிற் செய்ய வேண்டியது ஒரே தாளை இரு தரப்பாரின் கையிலும் கொடுப்பதாகும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதற்குக் கைகொடுக்கின்றது. கோரிக்கை கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தமது முடிவை அறிவித்தல் வேண்டும். ஆயினும் மூதாட்டி ஒருவர் தாமாகப் படிவம் எழுதிக்கொண்டு திரிய வேண்டிய நிலையை விட, சபை தானாக முன்வந்து பிரதியைக் கொடுப்பதே மேன்மையானது.

மேசையில் இல்லாதவர்

யான் அறிந்த ஒரு பிணக்கை இங்கே எடுத்துக்காட்டலாம். ஓர் ஒழுங்கை உயர்த்திச் செப்பனிடப்பட்டது. அடுத்த மாரியிலே மேற்குப் பக்க வளவுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. வீதியை உயர்த்தியதே காரணம் என்றனர் குடியிருப்பாளர்கள். வாய்க்காலை மறித்து ஒருவர் மதில் கட்டியதே காரணம் என்றது சபை. கடிதங்கள் பறந்தன. ஒரு நாள் சபையின் வாகனம் மறிக்கப்பட்டது. பொலிஸ் வந்தது. இறுதியில் அயற்கிராமத்து ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரை இரு தரப்பாரும் ஏற்றுக்கொண்டனர்.

அவர் முதல் நாள் எவருடைய பிழை என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஒவ்வொரு தரப்பாரோடும் தனித்தனியே இருந்து கேட்டார். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் எடுத்துச் செல்லவில்லை. பின்னர் மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில் தொழினுட்ப உத்தியோகத்தரையும் மதிற்காரரையும் குடியிருப்பாளர் இருவரையும் குடையோடு அழைத்துக்கொண்டு ஒழுங்கை முழுவதும் நடந்தார். தண்ணீர் எங்கிருந்து வருகின்றது, எங்கே தேங்குகின்றது என்பதை எல்லோரும் ஒன்றாகக் கண்டார்கள். மதிலின் கீழ்ப்பகுதியில் தண்ணீர் போக வழி விடுவது, அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு மதகுக்கு நிதி ஒதுக்குவது என்ற இரண்டிலும் ஏறத்தாழ இணக்கம் வந்துவிட்டது. எல்லோரும் மகிழ்ந்து கையெழுத்திட ஆயத்தமானபோது அதிபர் ஒன்று கேட்டார்: "இந்தத் தண்ணீர் மதகைத் தாண்டி எங்கே போகும்?"

அது ஒழுங்கையின் கீழ் முனையில் இருந்த நான்கைந்து குடிசைகளை நோக்கிப் போகும். அவர்கள் எவரிடமும் முறையிடவில்லை. எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கப்படவில்லை. அவர்களையும் அழைக்காமல் ஒப்பந்தம் எழுத அவர் மறுத்தார். இணக்கம் மேலும் மூன்று மாதம் தாமதமானது. வாய்க்கால் சற்று நீண்டு, வெறுங்காணி ஒன்றின் ஓரமாகக் குளத்துக்குத் திருப்பப்பட்டது.

உள்ளூராட்சிப் பிணக்கின் உள்ளே இருக்கும் அறச் சிக்கல் இதுதான். அயலவர் இருவரின் பிணக்கில் இருவரும் இணங்கினால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. பொது வீதி, பொது நீர், பொதுப் பணம் சம்பந்தப்பட்ட பிணக்கில் மேசையில் இருக்கும் இருவரும் இணங்குவது போதாது. அங்கே இல்லாத மூன்றாமவர் எப்போதும் உண்டு. அவர் கீழ் முனையில் இருப்பவராகலாம். வரி செலுத்தும் ஊரவராகலாம். இன்னும் பிறவாத பிள்ளையாகலாம். மத்தியஸ்தன் இருவருக்கும் நன்மை நாடுபவன் என்று சங்கரர் கூறினார். ஊர்ப் பொதுவில் மத்தியஸ்தம் செய்பவர், வராத அந்த மூன்றாமவருக்கும் நன்மை நாட வேண்டியவராகின்றார். இருவரையும் மகிழ்விப்பதற்காக மூன்றாமவரின் பங்கை எடுத்துக் கொடுப்பது இணக்கம் போலத் தோன்றினாலும் அது அநீதியேயாகும்.

நடுவில் நிற்கக் கூடாத இடங்கள்

இதிலிருந்து, நடுவில் நிற்பது எல்லா வேளைகளிலும் அறமாகுமா என்ற கடைசி வினாவுக்கு விடை கிடைக்கின்றது. ஆட்களுக்கு நடுவே சமமாக நிற்கலாம்; நிற்க வேண்டும். நீதிக்கும் அநீதிக்கும் நடுவே சமமாக நிற்க இடமில்லை. எல்லாப் பிணக்கையும் பாதிக்குப் பாதி பிரித்துவிடலாம் என்ற எண்ணம் எம்மிடையே பரவலாக உள்ளது. நூறு ரூபா கடனில் பிணக்கு வந்தால் ஐம்பதில் முடிக்கலாம். மனிதரின் மதிப்பில் பிணக்கு வந்தால் எப்படிப் பாதியாக்குவது?

ஆலயத்தின் பெயரால் வெளிவரும் மலரில் இதனை மறைத்து எழுதுதல் முறையன்று. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் சாதியின் பேரால் ஒருவரைப் பொது இடங்களிலும் வழிபாட்டிடங்களிலும் தடுப்பதைக் குற்றமாக்கியது. அதன் பின்னரும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அடியார்கள் உள்ளே விடுமாறு கேட்டு அமர்ந்திருக்க வேண்டியதாயிற்று. அன்று ஒருவர் வந்து, "இரு தரப்பாரும் சற்று விட்டுக்கொடுங்கள்" என்று சொல்லியிருந்தால் அதன் பொருள் என்ன? வெளியே நிற்பவர் எதனை விட்டுக்கொடுப்பார்? பாதி வாசல் வரை வந்து நிற்பதா? அந்த இடத்தில் நடுவுநிலைமை என்பது வாயிலைத் திறவுங்கள் என்று சொல்வதேயாகும். பொதுக் கிணறு, பொது மயானம், பொது நூலகம், பொதுச் சந்தை ஆகியவற்றுக்கும் இதுவே விதி. இவற்றில் ஒரு சாராரைத் தள்ளிவைக்கும் ஒப்பந்தத்தை எந்த மத்தியஸ்தரும் எழுதிக் கொடுக்கலாகாது.

சுன்னாகம் நிலத்தடி நீர் விவகாரம் இன்னோர் எடுத்துக்காட்டு. கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில் 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்காக 2 கோடி ரூபா செலுத்துமாறு மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. இத்தகைய விடயத்தில் வீட்டுக்கு வீடு போய்ச் சிறு தொகை கொடுத்து இணக்கம் செய்திருந்தால், நீர் யாருடையது என்ற கேள்வி எழாமலே அமுங்கிப் போயிருக்கும். பலருடைய உயிராதாரம் கெடும்போது பகிரங்கமான விசாரணையும் எல்லோருக்கும் தெரியும் தீர்ப்பும் வேண்டும். மத்தியஸ்தரின் இரகசியம் காக்கும் பண்பு, குடும்பப் பிணக்கிலே குணமாக இருப்பது, இங்கே குற்றமாக மாறிவிடக்கூடும். "இது என் எல்லைக்கு உட்பட்டதன்று, நீதிமன்றம் செல்லுங்கள்" என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல மத்தியஸ்தர்.

அதே வேளை, எல்லாவற்றையும் வழக்காக்குவதும் அறமாகாது. சங்ககாலப் புலவர் கோவூர்கிழார் உறையூரிலே நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் முற்றுகையில் மோதி நின்றபோது இடையே சென்று பேசியதைப் புறநானூறு காட்டுகின்றது. எதிரே நிற்பவன் அணிந்திருப்பதும் உன்னுடைய ஆத்தி மாலையே. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்பது அவருடைய வாதத்தின் சாரம். பிரதேச சபையும் அப்படித்தான். அதற்கு எதிராக வழக்காடி வென்றாலும் நட்டஈடு எமது வரிப்பணத்திலிருந்தே வரும். தோற்றாலும் செலவு எம்முடையதே. இரண்டு மாலைகளும் ஒரே ஊரின் பூக்கள்.

எம்மாற் செய்யக்கூடியவை

பெரிய சட்டத் திருத்தங்களுக்காகக் காத்திராமல் கிராம மட்டத்திலே சிலவற்றைச் செய்யலாம். பிரதேச சபைக்கு எதிராக வழக்குத் தொடர விரும்புவோர் எழுத்தில் அறிவித்தல் கொடுத்து ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும் எனச் சட்டம் கூறுகின்றது. அந்த ஒரு மாதம் பெரும்பாலும் ஒரு சட்டத்தரணியின் கடிதத்துக்கும் மறு சட்டத்தரணியின் பதிலுக்குமாகக் கழிகின்றது. அதனையே மத்தியஸ்தத்துக்குரிய மாதமாக இரு தரப்பாரும் பயன்படுத்தலாம்.

அதற்கு ஏற்றவர்களின் பெயர்ப் பட்டியலைப் பிணக்கு வருமுன்னரே சனசமூக நிலையங்களும் மாதர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் சேர்ந்து ஆயத்தம் செய்து வைக்கலாம். பிணக்கு எழுந்த பின்னர் தேடினால் யாரைச் சொன்னாலும் ஐயமே எழும். அப்பட்டியலில் பெண்களும், எல்லாச் சமூகத்தவரும், எல்லாச் சமயத்தவரும் இருத்தல் வேண்டும். கட்சிப் பொறுப்பில் இருப்பவரும் சபையோடு ஒப்பந்த வேலை செய்பவரும் இருத்தல் ஆகாது. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் வாரியங்களுக்குத் தகுதியற்றவர் என விலக்கியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கல்லில் வெட்டப்பட்ட இவ்விதியை நாம் தாளிலாவது எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சபையின் சார்பில் வருபவர், எதுவரை இணங்கலாம் என்ற அதிகாரத்தைத் தீர்மானத்தின் மூலம் பெற்று வருதல் வேண்டும். இணக்கம் எழுத்தில் அமைந்து, யார் எதனை எந்தத் திகதிக்குள் செய்வது எனக் குறிக்கப்பட வேண்டும். கையெழுத்திடுமுன் மத்தியஸ்தர் ஒருமுறையாவது அந்த அதிபரைப் போல, "இது எங்கே போய் யாரைத் தொடும்?" என்று கேட்க வேண்டும்.

ஆலய தர்மகர்த்தாக்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ஊரில் மதிப்புண்டு என்பதனால் எம்மை மத்தியஸ்தத்துக்கு அழைப்பதுண்டு. ஆனால் ஒலிபெருக்கி, வீதி மறிப்பு, திருவிழாக் கடைகள், கோயிற் காணி எல்லை முதலிய விடயங்களில் ஆலயமே ஒரு தரப்பாகும். அப்போது நாம் நடுவர் ஆசனத்தை விட்டு இறங்கி, தரப்பாருக்குரிய வாங்கிலே அமர்வதே முறை. கூட்டமும் கோயில் மண்டபத்தில் அன்றி எல்லோரும் தயக்கமின்றி வரக்கூடிய பாடசாலையிலோ நூலகத்திலோ நடைபெறல் நன்று.

தேர்த்திருவிழாவிலே வடம் பிடிப்போர் இரு பக்கமும் நூற்றுக்கணக்கில் நிற்பார்கள். தேர்ச்சில்லுக்குக் கட்டை போடுபவரோ ஓரிருவர்தான். அவர் வடத்தை இழுப்பதில்லை. தேர் எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்பவரும் அவரல்லர். ஆயினும் அவருடைய கண் இரு சில்லுகளிலும் இருக்கும். வடத்தைத் தொடாமல் வீதியோரத்தில் குழந்தையோடு நிற்கும் தாயின் மீதும் இருக்கும். அவர் உதாசீனர் அல்லர். தேர் பிசகாமல் இருப்பிடம் சேரும்வரை அவருக்கு ஓய்வும் இல்லை. அத்தகைய மத்தியஸ்தர்கள் எமது ஊரிலும் அயலிலும் பெருக எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.

சுபம்.